பழைய படங்களில் விளக்குகள் சொல்லும் காலம்

ஒரு நகரத்தின் பழைய புகைப்படத்தைக் கையில் எடுத்தால் நாம் முதலில் மாளிகைகளையும் மனிதர்களையுமே பார்க்கிறோம். வீதியோரத்து விளக்குக் கம்பத்தை எவரும் கவனிப்பதில்லை. ஆனால், திகதி குறிக்கப்படாத ஒரு படத்தின் காலத்தை அறிய அக்கம்பம் பெரிதும் உதவும். இதனைப் பாரிஸ் நகரப் படங்களைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

1838 ஆம் ஆண்டில் லூயி டாகேர் என்பவர் பாரிஸின் பரபரப்பான வீதியொன்றைத் தன் வீட்டு யன்னலிலிருந்து படம் பிடித்தார். அப்படத்தில் வண்டிகளோ சனக்கூட்டமோ இல்லை. பாதையோரத்தில் சப்பாத்தைத் துடைப்பிக்க நின்ற ஒருவரும், துடைப்பவரின் மங்கிய உருவமும் மட்டுமே தெளிவாகத் தெரிகின்றன. காரணம் என்ன? அக்காலத்தில் ஒரு படம் பதிவதற்குப் பல நிமிடங்கள் தேவைப்பட்டன. அசைந்தவை பதியாமல் மறைந்தன, அசையாதவை நிலைத்தன. எனவே பழைய படத்தில் வீதி வெறிச்சோடிக் கிடந்தால், அங்கு மக்களே இருக்கவில்லை என்று நாம் முடிவு செய்யலாகாது. கம்பங்கள் அசையாதவை. ஆதலால் அவை நம்பத்தக்க சாட்சிகள்.

இனி, அச்சாட்சிகள் கூறுவதைக் கேட்போம். 18 ஆம் நூற்றாண்டில் பாரிஸ் வீதிகளுக்குக் குறுக்கே கயிறு கட்டி, அதன் நடுவில் எண்ணெய் விளக்குகளைத் தொங்கவிட்டனர். மாலையில் கயிற்றைத் தளர்த்தி விளக்கை இறக்கி, திரியைக் கொளுத்தி, மீண்டும் மேலே உயர்த்துவர். 1829 இல் வாயு விளக்குகள் வீதிக்கு வந்தன. கண்ணாடிப் பெட்டியைத் தாங்கிய வார்ப்பிரும்புக் கம்பங்கள் அவற்றின் அடையாளம். 1878 இல் ஓபரா அவெனியூவில், ரஷ்யப் பொறியியலாளர் யாப்லொச்கோவின் மின் விளக்குகள் வெண்ணிறக் கண்ணாடிக் கோளங்களுக்குள் ஒளிர்ந்தன. அவ்வீதிப் படமொன்றில் அக்கோளங்களைக் கண்டால், அது 1878 இற்கு முற்பட்டதன்று என்று துணிந்து கூறலாம்.

வீதிச் சமிக்ஞை விளக்கும் இவ்வாறே உதவும். பாரிஸின் முதலாவது சமிக்ஞை விளக்கு 1923 மே 5 ஆம் திகதி, செபஸ்தபோல் வீதியும் சென் தெனி வீதியும் சந்திக்கும் இடத்தில் நிறுவப்பட்டது. அதில் சிவப்பு விளக்கு மட்டுமே இருந்தது. கூடவே ஒரு மணியும் ஒலித்தது. ஆகவே, பாரிஸ் படமொன்றில் சமிக்ஞை விளக்கு நின்றால் அப்படம் 1923 இற்குப் பிந்தியதே.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். வாயுவுக்காக நாட்டிய கம்பத்தைப் பிற்காலத்தில் மின்சாரத்துக்கும் பயன்படுத்தியதுண்டு. அதனால் பழைய கம்பத்தைக் கண்டவுடன் படமும் பழையதென்று எண்ணிவிடக் கூடாது. ஒரு பொருள் தோன்றிய ஆண்டு, படம் அதற்கு முன் எடுக்கப்படவில்லை என்பதை மட்டுமே உறுதிப்படுத்தும். எவ்வளவு பிந்தியது என்பதை உடை, வண்டி, விளம்பரப் பலகை முதலியவற்றைக் கொண்டே ஆராய வேண்டும்.

விளக்குகள் காலத்தை மட்டுமன்றி மனித வாழ்வையும் காட்டுகின்றன. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் ஓஸ்மான் பாரிஸை மாற்றியமைத்தபோது, இடிக்கப்படவிருந்த பழைய சந்துகளைச் சார்ல்ஸ் மார்வில் என்பவர் நகரசபைக்காகப் படம் பிடித்தார். அவரது 400 இற்கு மேற்பட்ட படங்கள் எஞ்சியுள்ளன. அவற்றிலுள்ள ஒடுங்கிய சந்துகளில் கம்பம் நாட்ட இடமில்லை. விளக்கைச் சுவரிலிருந்து நீளும் இரும்புக் கை தாங்குகிறது. புதிய அகன்ற வீதிகளுக்கான அழகிய கம்பங்களையும் அவரே தனித்தனியே படமாக்கினார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் என் மனம் கனக்கிறது. சந்துகளில் வாழ்ந்த ஏழைகள் பலர் நகரின் புறத்தே குடியேற நேர்ந்தது. ஒளி பெருகியது; ஆனால் அந்த ஒளியில் நடக்க அவர்களுள் எத்தனை பேர் அங்கே எஞ்சியிருந்தனர்?

தோழியரே, உங்கள் வீட்டுப் பழைய படங்களையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மனிதர்களுக்குப் பின்னால் நிற்கும் கம்பத்தையும் உற்று நோக்குங்கள். பெற்றோரிடமும் பாட்டன் பாட்டியிடமும் இடத்தையும் ஆண்டையும் கேட்டு, படத்தின் பின்புறத்தில் பென்சிலால் மெதுவாக எழுதிவையுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் நம்முடன் இருக்கும்போதே இதனைச் செய்துவிட வேண்டும்.