ரசச் சாமான்கள்: கொள்முதலில் நாம் கவனிக்க வேண்டியவை

எந்த வீட்டு மாதச் சீட்டைப் பிரித்தாலும் புளி, மிளகு, சீரகம், மல்லி, மிளகாய் வற்றல், துவரம் பருப்பு, பெருங்காயம் ஆகிய ஏழும் இருக்கும். ஏழும் சேர்ந்தால் ரசம். குழம்பில் மறையும் குறை, ரசத்தில் மறையாது. ரசம் ருசிக்காவிட்டால் தாய்மார்கள் தம் கைப்பக்குவத்தைச் சொல்ல மாட்டார்கள். நம் கடையைத்தான் சொல்வார்கள். மாதச் சீட்டு முழுவதும் அடுத்த கடைக்குப் போய்விடும்.

புளி: மாசி, பங்குனியில் புதுப்புளி வரத்து மிகும். புதியது செம்பழுப்பாக இருக்கும். நாளாக ஆகக் கறுக்கும். ஈரம் மிகுந்த புளி எடையில் நம்மை ஏமாற்றும், பூசணமும் பிடிக்கும். புளியின் அமிலம் தகரத்தை அரிக்கும். ஆகவே மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ வைப்போம். புதியதையும் பழையதையும் கலக்காமல் தனித்தனி விலையில் விற்போம்.

மிளகு: ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு பிடி போட்டால் நல்ல மிளகு அடியில் தங்கும். மிதப்பது பப்பாளி விதையாகவோ பொக்கு மிளகாகவோ இருக்கலாம். பப்பாளி விதை நீள்உருண்டையாக, பச்சை கலந்த பழுப்பில் இருக்கும்.

சீரகம்: உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்ப்போம். கை கறுத்தால் கரித்தூள் ஏற்றிய புல்விதை கலந்திருக்கிறது என்று பொருள்.

மல்லி, மிளகாய் வற்றல்: உடைந்த மல்லியில் வாசம் சீக்கிரம் போகும். வற்றலில் ஈரம் இருந்தால் பூசணம் வரும். முதலில் வந்த மூட்டையை முதலில் விற்போம்.

துவரம் பருப்பு: ஆப்பு போல ஒரு பக்கம் சரிந்த பருப்பு தென்பட்டால், அது கேசரிப் பருப்புக் கலப்படமாக இருக்கலாம். அந்த மூட்டையைத் திருப்பி அனுப்புவோம்.

பெருங்காயம்: மூலப்பொருள் பெரும்பாலும் ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தான் நாடுகளிலிருந்து வருகிறது. இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பகுதியில் 2020 அக்டோபரில்தான் இச்செடியைச் சோதனையாக நட்டார்கள். நாம் விற்பது பெரும்பாலும் பிசினும் மாவும் சேர்த்த கூட்டுப் பெருங்காயமே. பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ உண்டு. கோதுமை ஒவ்வாதவர் கேட்டால் லேபிளைப் படித்துச் சொல்லிவிட்டுக் கொடுப்போம்.

சட்டம்: 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 முதல் நடைமுறையில் உள்ளது. மசாலாப் பொடிகளை உதிரியாக விற்கக் கூடாது. ரசப்பொடியும் விவரம் அச்சிட்ட பாக்கெட்டில்தான் இருக்க வேண்டும். இன்னொன்று, மொத்த வியாபாரி தரும் பில்லே அச்சரக்கின் தரத்துக்கு அவர் தரும் உத்தரவாதமாகக் கருதப்படும். சரக்கை யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாவிட்டால் பொறுப்பு நம் தலையில் விழும். பில் இல்லாச் சரக்கில் கிலோவுக்குச் சில ரூபாய் மிஞ்சலாம். ஆனால் மாதிரி எடுக்க அதிகாரி வரும் நாளில் அந்த லாபம் நம்மைக் காப்பாற்றாது.

மிளகுக்கு ஒரு தம்ளர் தண்ணீர், சீரகத்துக்கு உள்ளங்கை, எல்லாவற்றுக்கும் பில். அடுத்த கொள்முதலிலேயே தொடங்குவோம்.