எச்.ஐ.வி.: மாத்திரை மட்டும் போதுமா?



1986-ல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமோனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் முயன்று சேகரித்த இரத்த மாதிரிகள், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்போதுதான் தெரியவந்தது. அன்று அதற்கு மருந்தில்லை.

2004 ஏப்ரல் 1 முதல் அரசு கூட்டு மருந்துகளை இலவசமாக வழங்குகிறது. முதலில் தொடங்கிய மையங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. இம்மருந்து கிருமியை அடியோடு அழிப்பதில்லை, பெருகாமல் தடுக்கிறது. நாள்தோறும் தவறாமல் உட்கொண்டால், பரிசோதனையிலும் தென்படாத அளவுக்குக் கிருமி குறையும். அந்நிலையில் நீடிப்பவரிடமிருந்து உடலுறவினால் துணைவருக்குத் தொற்றுவதில்லை. சிகிச்சை பெறாத தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்கு 15 முதல் 45 பேருக்குத் தொற்றலாம். சிகிச்சையினால் இது 5-க்கும் கீழே குறைகிறது.

மருந்தை நிறுத்தினாலோ கிருமி மீண்டும் பெருகும். அதே மருந்துக்கு அடங்காமலும் போகலாம். ஏன் நிறுத்துகிறார்கள்? அக்கம்பக்கத்தார் அறிந்துவிடுவார்களோ என்ற பயமும் ஒரு காரணம். எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிற்றூர்களில் இப்பயம் பெரிது.

தொடுவதாலும் சேர்ந்து உண்பதாலும் இது பரவாது. நோயாளிக்கு எதிரான பாகுபாட்டை 2017-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சட்டத்தால் செய்ய முடியாதது ஒன்றுண்டு: பந்தியில் அவர் பக்கத்தில் உட்காருவது. அது நம் பங்கு.