வீட்டுத் தொலைபேசிக்கு ஒரு கிளை

2022-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, விடுதியிலிருந்து வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். மணி நெடுநேரம் அடித்தது; எடுப்பார் இல்லை. மறுபடியும் அழைத்தேன். அப்போதும் அப்படியே. பெற்றோர் வெளியே சென்றிருப்பர், பாட்டியார் உறங்கியிருப்பார் என்று எண்ணி உணவுக்கூடத்திற்குப் போய்விட்டேன். இரவு எட்டு மணிக்குத் தந்தையார் பேசியபோதுதான் நடந்தது தெரிந்தது. மணி ஓசை கேட்டு, பின்கட்டு அறையிலிருந்து கூடத்திற்கு விரைந்து வந்த பாட்டியார், நிலைப்படி தடுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நான் இரண்டாம் முறை அழைத்தபோது அவர் அந்த நிலைப்படியருகேதான் கிடந்திருக்கிறார்.

எங்கள் வீடு ஜாம்ஷெட்பூரில் இருக்கிறது. தொலைபேசி வாசலை ஒட்டிய கூடத்தில் இருந்தது. பாட்டியாரின் அறையோ கடைசியில். கைப்பேசி வாங்கிக் கொடுத்தால் என்ன என்று அன்பர்கள் வினவலாம். வாங்கிக் கொடுத்தோம். கண்பார்வை குறைந்த எண்பது வயதினருக்குக் கண்ணாடித் திரையைத் தேய்த்துப் பேசும் வித்தை கைவரவில்லை. கம்பியில்லாக் கேள்குழல் ஒன்றை வாங்கலாமே என்றார் தந்தையார். அது நல்ல கருவிதான். ஆனால், அதன் அடிப்பெட்டிக்கு மின்சாரம் வேண்டும், கேள்குழலை ஒழுங்காக மின்னேற்றி வைக்கவும் வேண்டும். எனவே, அவர் கட்டிலருகே இன்னொரு கம்பித் தொலைபேசியை வைப்பது என்று முடிவாயிற்று. அவ்வாண்டுப் பூசை விடுமுறையில் அப்பணியை நானே செய்தேன். நான் செய்த முறையையும், செய்த பிழைகளையும், அவற்றினூடே கற்ற பௌதிகத்தையும் இங்கே எழுதுகிறேன்.

தொலைபேசி நம் நாட்டுக்குப் புதியதன்று. 1882-ஆம் ஆண்டு சனவரி 28-ஆம் நாள் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. அக்காலந்தொட்டு எத்தனையோ மாறிவிட்டபோதிலும், வீட்டுக்குள் நுழையும் செம்புக் கம்பி இரண்டே இரண்டுதான். பேச்சும், மணியும், கருவியை இயக்கும் மின்சாரமும் அந்த இரண்டு கம்பிகளின் வழியேதான் வருகின்றன. இஃது எப்படி இயலும்?

தொலைபேசி நிலையத்தில் 48 வோல்ட் மின்கல அடுக்கு ஒன்று உண்டு. அதன் நேர்முனையைத் தரையோடு இணைத்துவிடுவர். எனவே கம்பி தரையை நோக்க எதிர்மின் அழுத்தத்தில் நிற்கும். ஈர மண்ணில் புதைந்த செம்பு மின்பகுப்பால் அரிக்கப்படாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. கேள்குழல் கொக்கியில் இருக்கும்போது கருவியின் பேச்சுச் சுற்று அறுபட்டிருக்கிறது, ஓட்டம் இல்லை. கேள்குழலை எடுத்த மாத்திரத்தில் சுற்று மூடுகிறது. சில பத்து மில்லி ஆம்பியர் நேரோட்டம் பாய்கிறது. அவ்வோட்டத்தைக் கண்டுதான் நிலையம், ‘இவர் பேச விரும்புகிறார்’ என்று அறிந்து முழங்கொலியை அனுப்புகிறது. நம் குரல் அந்த நேரோட்டத்தின்மேல் சிற்றலைகளாக ஏறிச் செல்கிறது. குளத்து நீரின் மட்டம் நேரோட்டம் என்றால், அதன்மேல் ஓடும் அலை நம் பேச்சு.

மணியோ வேறு வகை. யாரேனும் நம்மை அழைத்தால், நிலையம் சுமார் 75 வோல்ட் மாறோட்டத்தை, நொடிக்கு 25 சுழற்சி வீதம், விட்டு விட்டு அனுப்புகிறது. கருவியின் மணிச்சுற்றில் ஒரு மின்தேக்கி தொடராக இருக்கிறது. மின்தேக்கி நேரோட்டத்தைத் தடுக்கும், மாறோட்டத்தை விடும் என்பது நாம் இடைநிலை வகுப்பிலேயே படித்ததுதான். ஆகவே மணிச்சுற்று எந்நேரமும் கம்பியோடு இணைந்தே இருந்தாலும், நிலையத்தின் மின்கலத்தை அது உறிஞ்சுவதில்லை. மணியோட்டம் வரும்போது மட்டும் விழித்துக்கொள்கிறது.

இனி, இரண்டாவது கருவியை எப்படி இணைப்பது? தொடர் இணைப்பு, பக்க இணைப்பு என இரண்டு வழிகள் உண்டல்லவா? இங்கேதான் நான் நாணத்தக்க ஒரு பிழை செய்தேன். பௌதிக மாணவன் என்ற செருக்கில் கம்பிகளைச் சரியாகப் பார்க்காமல், வரும் இணையின் ஒரு கம்பியை வெட்டி, அந்த வெட்டின் இரு முனைகளையும் புதிய சாக்கெட்டில் முடுக்கிவிட்டேன். கூடத்துத் தொலைபேசியும் பேசவில்லை. அறைத் தொலைபேசியும் பேசவில்லை. அரைநாள் மண்டையை உடைத்துக்கொண்ட பின்னரே விளங்கிற்று. நான் செய்தது தொடர் இணைப்பு. ஒன்றை எடுத்தால், மற்றொன்று கொக்கியில் திறந்த சுற்றாக வழிமறித்து நிற்கிறது. ஓட்டம் எங்கிருந்து வரும்? இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்தால்தான் சுற்று மூடும்! பக்க இணைப்பே சரி. முதற் பெட்டியின் இரண்டு திருகுகளிலிருந்து இரண்டு கம்பிகள் புறப்பட்டு, இரண்டாம் பெட்டியின் இரண்டு திருகுகளில் முடிய வேண்டும். வெட்டுவதற்கே இடமில்லை.

புதிய கம்பியால் தடை கூடி ஒலி குன்றிவிடாதா என்று தாயார் கேட்டார், நல்ல கேள்வி. கணக்கிட்டுப் பார்ப்போம். அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக் கம்பியின் தடை, மீட்டருக்கு ஏறத்தாழ 0.088 ஓம். கூடத்திலிருந்து அறைக்கு 15 மீட்டர். போக வர 30 மீட்டர். ஆக, கூடும் தடை 2.6 ஓம். நிலையத்தின் ஊட்டுத் தடை 400 ஓம், மூன்று கிலோமீட்டர் தெருக்கம்பியின் தடை சுமார் 525 ஓம், கருவி 200 ஓம் எனக் கொள்வோம். மொத்தம் 1125 ஓம். 48 வோல்ட்டுக்கு ஓட்டம் சுமார் 43 மில்லி ஆம்பியர். ஆயிரத்து நூற்றிருபத்தைந்தோடு இரண்டரை சேர்ந்தால் என்ன குறையும்? வீட்டுக்குள் கம்பி நீளத்தைப் பற்றிக் கவலையே வேண்டா.

கவலைப்பட வேண்டியது வேறு. இரண்டு கேள்குழல்களையும் ஒரே நேரத்தில் எடுத்தால், கருவிகளின் கூட்டுத் தடை 100 ஓமாகக் குறையும். மொத்த ஓட்டம் 47 மில்லி ஆம்பியருக்குச் சிறிதே உயர்ந்து, ஒவ்வொன்றுக்கும் அதில் பாதிதான் கிடைக்கும். குரலும் இரு கருவிகளுக்குப் பங்காகிறது. ஒலி குன்றுவதன் காரணம் இதுவே. (அத்தையார் ஊரிலிருந்து பேசும்போது ஒலி திடீரென்று மெலிந்தால், வீட்டில் இன்னொருவர் ஒட்டுக்கேட்கிறார் என்று பொருள்!) மணிக்கும் இதே கதை. ஒரு மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 25 சுழற்சியில் ஏறத்தாழ 6,400 ஓம் மறுப்புத் தரும். அதைப்போல் பல மணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்தால் மணியோட்டம் பங்காகி, எல்லா மணிகளும் முனகத் தொடங்கும். இரண்டு, மிஞ்சினால் மூன்று கருவிகளோடு நிறுத்திக்கொள்க.

வேண்டிய பொருள்கள் மிகச் சில. இரண்டு இணை முறுக்குக் கம்பி 20 மீட்டர், சுவரில் பதிக்கும் தொலைபேசிப் பெட்டி ஒன்று, கம்பியைச் சுவரோடு பிடிக்கும் கிளிப்புகள், சிறிய திருப்புளி, கம்பி உரிப்பான், மல்டிமீட்டர். கம்பி முறுக்கியதாகவே இருக்க வேண்டும் என்பதை வற்புறுத்துகிறேன். கடைக்காரர் முறுக்கில்லாத தட்டைக் கம்பியைக் காட்டி, விலை குறைவு என்பார், வாங்கற்க. வீட்டு மின்கம்பியின் 50 சுழற்சி காந்தப்புலம் பக்கத்துக் கம்பிகளில் மின்னழுத்தத்தைத் தூண்டும். முறுக்கிய இணையில் ஒரு முறுக்கில் தூண்டப்படுவதை அடுத்த முறுக்கு எதிர்த்து அழித்துவிடுகிறது. தட்டைக் கம்பியில் அந்த அழிப்பு நிகழாது. பேசும்போதெல்லாம் வண்டு ரீங்கரிப்பதுபோல் ஓர் இரைச்சல் கூடவே வரும். முறுக்குக் கம்பியையும் மின்கம்பியோடு ஒட்டி ஓடவிடாமல், ஓரடியேனும் தள்ளிக் கொண்டுபோக வேண்டும். குறுக்கிட நேர்ந்தால் செங்கோணமாகக் கடக்கட்டும். மின்கம்பிக் குழாய்க்குள் தொலைபேசிக் கம்பியைச் செருகுவது அறவே கூடாது. அது இரைச்சலோடு நிற்பதன்று. உறை கிழிந்தால் 230 வோல்ட் பாட்டியாரின் காதுக்கே வரும்.

வேலை தொடங்குமுன் வெளியிலிருந்து வரும் இணையைப் பெட்டியிலிருந்து கழற்றி, முனைகள் ஒன்றையொன்று தொடாமல் நாடாவால் சுற்றிவிட வேண்டும். 48 வோல்ட் உலர்ந்த கைக்கு ஒன்றும் செய்யாது என்று நான் அதைக் கழற்றவில்லை. கூடத்துப் பெட்டியின் திருகில் இடக்கை விரலும், மற்றதில் வலக்கை விரலுமாக இருந்தபோது அத்தையார் அழைத்தார். 75 வோல்ட் மாறோட்டம், நேரோட்டத்தின்மேல் ஏறி, இரு கைகளின் வழியே மார்பைக் கடந்தது. ஏணியிலிருந்து நான் விழாதது என் நல்லூழ். ஒரே நாளில் வீட்டில் இரண்டு எலும்பு முறிவாளர் ஆகியிருப்போம். இடி மின்னல் உள்ள நாளிலும் இவ்வேலையைத் தொடற்க. தெருக்கம்பி நெடுந்தொலைவு திறந்த வெளியில் வருவதால், எங்கோ விழுந்த மின்னலின் அதிர்வும் வீட்டுக்குள் வரலாம். வங்காளத்துப் பக்கம் சித்திரை வைகாசியில் வீசும் காலவைசாகிப் புயலை அறிந்த அன்பர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இன்னோர் எல்லையும் உண்டு. வெளியிலிருந்து முதற் பெட்டிவரை வரும் கம்பி தொலைபேசித் துறையாருடையது. அதில் கைவைக்காமல், பெட்டிக்கு இப்பால்தான் நம் வேலை இருக்க வேண்டும்.

கம்பியின் மேலுறையை இரண்டு அங்குலம் நீக்கினால் உள்ளே நான்கு கம்பிகள் தெரியும். ஓர் இணையை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை மடித்துவைக்க. பிற்காலத்தில் ஒன்று அறுந்தால் உதவும். முனையில் அரை அங்குலம் உரித்து, திருகு முடுக்கும் திசையிலேயே வளையமாக வளைத்து, வாஷருக்கு அடியில் வைத்து முடுக்குக. எதிர்த்திசையில் வளைத்தால் முடுக்க முடுக்க வளையம் விரிந்து வெளியே வரும். உரிக்கும்போது செம்பில் கீறல் விழக்கூடாது; கீறிய இடத்தில்தான் ஆறு மாதத்தில் ஒடியும். புதிய பெட்டியின் சாக்கெட்டில் ஆறு இடங்கள் இருந்தாலும் நமக்கு வேண்டியவை நடுவிலுள்ள இரண்டு மட்டுமே. எது நேர்முனை, எது எதிர்முனை என்று இக்காலக் கருவிகள் பார்ப்பதில்லை. உள்ளிருக்கும் நான்கு டயோடுகளின் பாலம் எப்படிக் கொடுத்தாலும் நேராக்கிக்கொள்ளும். எனினும் நிறத்துக்கு நிறம் இணைப்பது, பின்னால் பழுது பார்ப்பவருக்குச் செய்யும் உதவி.

வெளியிணையை மீண்டும் பூட்டியபின் புதிய பெட்டியில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 49 வோல்ட். கேள்குழலை எடுத்ததும் 9-க்கு இறங்கிற்று. எடுத்தவுடன் அழுத்தம் இறங்குவதே சுற்று சரி என்பதற்குச் சான்று. எடுக்காமலே தாழ்ந்திருந்தால், எங்கோ இரு கம்பிகள் தொடுகின்றன, அல்லது மற்றக் கருவியின் கேள்குழல் சரியாக வைக்கப்படவில்லை என்க. பின்னது அடிக்கடி நடக்கும். முதல் வாரத்திலேயே பாட்டியார் கேள்குழலைத் தலையணைமேல் வைத்துவிட்டு உறங்கிப்போக, ஒருநாள் முழுவதும் எங்களை அழைத்தோர்க்கெல்லாம் ‘பேச்சில் உள்ளார்’ என்ற ஒலியே கேட்டதாம். பக்க இணைப்பின் தவிர்க்கவொண்ணாக் குறை இது.

அதே செம்புக் கம்பியில் இணைய வசதியும் பெறுவோர்க்கு ஒரு சொல். பேச்சு 4,000 சுழற்சிக்குக் கீழே முடிகிறது; இணையச் செய்தி 25,000 சுழற்சிக்கு மேலே ஓடுகிறது. கருவி ஒவ்வொன்றும் வடிகட்டிக்குப் பின்னால் இருந்தால்தான் இரண்டும் கலவா. கிளைக்கு வடிகட்டி போட மறந்தால், இணையம் அடிக்கடி அறுபடும். கேள்குழலிலும் சீறலொலி கேட்கும். வடிகட்டி முதற் பெட்டியருகே ஒன்றாக இருந்து, கிளைகள் அனைத்தும் அதற்குப் பின்னால் புறப்படுவதே நன்று.

2024-இல் எங்கள் தெருவில் செம்பு நீங்கிக் கண்ணாடி இழை வந்தது. கிளை வீணாயிற்று என்றே முதலில் எண்ணினேன். ஆகவில்லை. இழை முடியும் சிறுபெட்டியின் முதுகில் தொலைபேசிக்கென ஒரு சாக்கெட்டு இருக்கிறது. அப்பெட்டி தானே ஒரு குட்டித் தொலைபேசி நிலையம்போல் நேரழுத்தமும் தருகிறது, மணியோட்டமும் தருகிறது. அதிலிருந்து ஓர் இணையைக் கொண்டுவந்து பழைய முதற் பெட்டியில் பூட்டினால், வீட்டுக் கிளைகள் அனைத்தும் முன்போலவே இயங்கும். ஆனால், அதற்கு முன் தெருவின் பழைய செம்பிணையைத் தவறாமல் கழற்றிவிட வேண்டும். தெருவில் இன்னும் 48 வோல்ட் உயிரோடிருந்தால், அது சிறுபெட்டியின் உட்சுற்றைக் கெடுத்துவிடும். பெரிய நிலையத்தைப்போல் பல மணிகளை ஒலிப்பிக்கும் வலிமையையும் சிறுபெட்டியிடம் எதிர்பார்க்கலாகாது.

ஒன்றை மட்டும் இழந்தோம். பழைய தொலைபேசி ஊரெல்லாம் இருண்டாலும் பேசும். ஏனெனில் அதன் மின்சாரம் தொலைபேசி நிலையத்து மின்கலத்திலிருந்து வந்தது. இழைப்பெட்டி வீட்டு மின்சாரத்தால் வாழ்கிறது. மின்சாரம் போனால், பாட்டியார் கட்டிலருகே உள்ள கருவியும் ஊமை. எனவே 12 வோல்ட் மின்கலப்பெட்டி ஒன்றை வாங்கி அதற்கு இடையில் வைத்தேன். எங்கள் வீட்டில் அது நான்கு மணி நேரம் தாங்குகிறது. வாங்குமுன், சிறுபெட்டியின் அடியில் எழுதியுள்ள வோல்ட் அளவும் ஆம்பியர் அளவும் பார்த்து வாங்க வேண்டும். எல்லாப் பெட்டியும் 12 வோல்ட் என்று கொள்ளற்க.

இப்போது ஞாயிறுதோறும் மாலை ஆறு மணிக்கு அழைக்கிறேன். பாட்டியார் படுத்தபடியே எடுக்கிறார். கம்பி உரிப்பானும் மல்டிமீட்டரும் என் விடுதி அறையில் சும்மா கிடக்கின்றன. விடுமுறைக்கு வீடு செல்லும் சங்கத்து அன்பர்கள் வேண்டுமானால் எடுத்துச் செல்லலாம். மல்டிமீட்டருக்கு 9 வோல்ட் மின்கலம் மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.