நரம்பு ஊசி

(பத்தாம் வகுப்பு மாணவி)

"நரம்பே கிடைக்கவில்லை" என்று மருத்துவமனையில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். உயிரியல் பாடத்தில் நாம் படித்த நரம்பு வேறு. ஊசி ஏறும் குழாய் வேறு. நரம்பு செய்தியைக் கொண்டு செல்கிறது. மருந்து ஏறுவதோ சிரை என்னும் இரத்தக் குழாயில்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு ஆலைகள் முதலாகப் பல தொழிற்சாலைகள் உள்ளன. அருகிலேயே கொல்கத்தா நெடுஞ்சாலை. தீக்காயம் பட்டவரும் விபத்தில் இரத்தம் இழந்தவரும் உயிர் பிழைக்க, சிரையில் விரைந்து வழி திறக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டது. நாளை நம்மில் சிலர் செவிலியராகவும் மருத்துவராகவும் ஆகலாம். எனவே இதன் அடிப்படையை அறிவோம்.

சிரையும் தமனியும்

இதயத்திலிருந்து இரத்தத்தை எடுத்துச் செல்வது தமனி. இதயத்திற்குத் திரும்பக் கொண்டுவருவது சிரை. தமனி துடிக்கும், அதன் இரத்தம் பளிச்சென்ற சிவப்பு. சிரை துடிக்காது; அதன் இரத்தம் கருஞ்சிவப்பு. (நுரையீரல் தமனியும் நுரையீரல் சிரையும் நிறத்தில் விதிவிலக்கு.) இரத்தம் உடலில் சுற்றி வருகிறது என்பதை வில்லியம் ஹார்வி 1628இல் விளக்கினார்.

சிரையில் குழாய் பொருத்தும் முறை

ஊசியின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் உறைபோல் இருக்கும். ஊசியை எடுத்துவிட்டுக் குழாயை மட்டும் உள்ளே விடுவர். இத்தகைய குழாயை 1950இல் டேவிட் மாஸா என்னும் அமெரிக்க மருத்துவர் வெளியிட்டார். நம் ஊரில் இதை வென்ஃப்ளான் என்பார்கள்.

1. நோயாளியின் பெயரையும் மருத்துவரின் உத்தரவையும் சரிபார்த்து, செய்யப்போவதை நோயாளியிடம் சொல்ல வேண்டும்.
2. கைகளைக் கழுவிக் கையுறை அணிய வேண்டும்.
3. கையில் பட்டையைக் கட்டி, புடைக்கும் சிரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே துடிப்பு இருந்தால் அது தமனி, விலக வேண்டும்.
4. ஸ்பிரிட்டால் துடைத்து உலர விட வேண்டும். துடைத்த இடத்தை மீண்டும் தொடக்கூடாது.
5. ஊசியைச் சாய்வாகச் செலுத்தி, இரத்தம் தெரிந்ததும் குழாயை மட்டும் முன்னே தள்ள வேண்டும். பிறகு பட்டையை அவிழ்த்து ஊசியை எடுக்க வேண்டும்.
6. ஊசியை மீண்டும் மூடாமல், அதற்குரிய வெள்ளைப் பெட்டியில் போட வேண்டும். குழாயைப் பிளாஸ்திரியால் ஒட்டித் தேதி எழுத வேண்டும்.

குழாயின் பருமனைக் கேஜ் எண் காட்டும். தொழிற்சாலையில் கம்பியை அளப்பது போலவே, எண் கூடினால் பருமன் குறையும். பச்சை 18, இளஞ்சிவப்பு 20, நீலம் 22, மஞ்சள் 24. மிகுந்த இரத்தப்போக்குக்குப் பெரிய குழாய், குழந்தைக்கு மஞ்சள்.

சொட்டுக்கும் கணக்கு உண்டு. 20 சொட்டு 1 மில்லி என்றால், 500 மில்லியில் 10,000 சொட்டு. நான்கு மணி நேரத்தில் ஏற்ற, நிமிடத்திற்கு ஏறத்தாழ 42 சொட்டு. அவசரப்பட்டு நாமே சக்கரத்தைத் திருகி வேகத்தைக் கூட்டக்கூடாது. ஊசி போட்ட இடம் வீங்கினாலோ, சிவந்தாலோ, வலித்தாலோ உடனே செவிலியரிடம் சொல்ல வேண்டும்.

தமனியில் குழாய் எதற்கு?

ஸ்டீபன் ஹேல்ஸ் என்பவர் ஒரு குதிரையின் தமனியில் குழாய் பொருத்தினார். இரத்தம் எட்டடிக்கு மேல் உயர்ந்தது! இதை 1733இல் வெளியிட்டார். இன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் இரத்த அழுத்தத்தை நொடிக்கு நொடி அறியவும், இரத்தத்தில் ஆக்சிஜனைச் சோதிக்கவும் மணிக்கட்டுத் தமனியில் குழாய் வைக்கிறார்கள். அதன் வழியே மருந்து செலுத்தவே கூடாது. செலுத்தினால் விரல்களே அழுகிப்போகலாம். ஆகவே "தமனி" என்று தெளிவாக எழுதி ஒட்டுவர்.

எல்லோருக்கும் பாட்டில் தேவையா?

1832இல் தாமஸ் லாட்டா என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் காலரா நோயாளிகளின் சிரையில் உப்புநீர் செலுத்திச் சிலரைக் காப்பாற்றினார். 1971இல் மேற்கு வங்காளத்துப் பன்காவ் நகரில், அகதிகளிடையே காலரா பரவியபோது சலைன் தீர்ந்துபோனது. அங்கிருந்த டாக்டர் திலீப் மகாலனபிஸ் குளுக்கோஸும் உப்பும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். அவர் கவனித்தவர்களில் இறந்தோர் 4 சதவீதத்திற்கும் குறைவு! அவர் மறைந்தபின் 2023இல் பத்மவிபூஷண் அறிவிக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் அறிவதென்ன? சிறிது சோர்வு வந்தாலும் "ஒரு பாட்டில் ஏற்றுங்கள் டாக்டர்" என்று கேட்பது நம்மவர் வழக்கம். ஆனால் தோலைத் துளைக்கும் ஒவ்வொரு ஊசியும் கிருமிக்கும் ஒரு வாசல். குடிக்க முடிந்தவருக்கு வயிற்றுப்போக்கு என்றால், ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். குடிக்க இயலாதவரையும், மயங்கியவரையும், இரத்தம் இழந்தவரையும் தாமதமின்றி 108 வண்டியில் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

ஊசி போடக் கைத்திறன் வேண்டும். எவருக்குப் போடுவது என்று அறிய அறிவு வேண்டும். வலிக்கும் கையைப் பிடிக்க அன்பு வேண்டும். நாளைய செவிலியரே, இம்மூன்றையும் இன்றே பயில்வோம்!