டிராக் ரேஸ் காரில் டேட்டா லாகர்: ஓசூரில் பூட்டி இருங்காட்டுக்கோட்டையில் ஓட்ட

சாமல்பட்டி, ஊத்தங்கரைப் பக்கமிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு ப்ராக்ஸிமிட்டி சென்சாரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சிஎன்சி மெஷினில் தினமும் பார்ப்பதுதான். டிராக் ரேஸ் காரில் லாகருக்குச் சக்கர வேகத்தைச் சொல்ல முதலில் மாட்ட வேண்டியதும் அதுவே. 402 மீட்டர் ஓட்டத்தின் தலையெழுத்து, முதல் 18 மீட்டரில் டயர் தரையைப் பிடித்ததா, வெறுமனே சுற்றியதா என்பதில் இருக்கிறது.

பழைய ஹோண்டா சிட்டி, எஸ்டீம் போன்றவற்றில் இழுப்பது முன்சக்கரம். பின்சக்கரம் சும்மா உருளும், காரின் உண்மையான வேகம் அதில் தெரியும். ஆகவே சென்சார் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஹப் போல்ட் தலைகளைப் பார்த்தபடி, ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியில், பிரேக் டிஸ்க் சூடு படாமல் பிராக்கெட் அடியுங்கள். சாதாரண சென்சார் 70 டிகிரிக்கு மேல் தாங்காது. டயர் சுற்றளவு 1.9 மீட்டர் என்றால், நான்கு போல்ட்டில் முதல் 18 மீட்டருக்கு 38 பல்ஸ்தான் கிடைக்கும். போதாது. லேத்தில் 20 பல் வளையம் ஒன்று வெட்டிப் பொருத்தினால் 190 வரும். மணிக்கு 150 கிலோமீட்டரில் அது வினாடிக்கு 440 பல்ஸ். சென்சார் அவ்வளவு வேகம் தாங்குமா என்று லேபிளில் பார்த்து வாங்குங்கள். லாகர் 5 வோல்ட் மட்டுமே ஏற்குமானால் பிஎன்பி வகை வேண்டாம், 12 வோல்ட்டை உள்ளே தள்ளிவிடும். என்பிஎன் வாங்கி, 5 வோல்ட் லைனிலிருந்து சிக்னல் ஒயருக்கு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் கொடுங்கள்.

அடுத்து, எக்ஸாஸ்ட் குழாயில் மாட்டி காற்று-பெட்ரோல் கலவையைப் பார்க்கும் லாம்டா சென்சார். தண்ணீர் தேங்காதபடி சாய்வாக, ஒயர் பக்கம் மேலே இருக்க வேண்டும். எக்ஸாஸ்டில் சின்னக் கசிவு இருந்தாலும் பொய்யாக லீன் (பெட்ரோல் குறைவு) காட்டும்.

மேனிஃபோல்டு பிரஷர் சென்சாரைச் சோதிக்கக் காசு செலவில்லை. எஞ்சினை ஓட்டாமல் இக்னிஷனை மட்டும் போடுங்கள். சுமார் 900 மீட்டர் உயர ஓசூரில் 91 கிலோபாஸ்கல் அளவில் காட்ட வேண்டும். 101 காட்டினால் சென்சாரை நம்பாதீர்கள். காரை ஓட்டப்போகும், கடல் மட்டத்தை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் 101தான் சரி. இந்த வித்தியாசத்தில்தான் பிஸ்டன் உருகும். ஓசூரில் ஜெட் போட்ட கார்பரேட்டர், கீழே அடர்ந்த காற்றில் லீன் ஆகும். முழு த்ராட்டிலில் லாம்டா 0.85 முதல் 0.88 வரை நிற்கட்டும், 0.95 பக்கம் போனால் காலை எடுத்துவிடுங்கள்.

சென்சார் எர்த்தை பாடியில் அல்ல, லாகரிலேயே கொடுங்கள். இக்னிஷன் காயில் பக்கம் ஒயர் போகக் கூடாது. சக்கர வேகம் வினாடிக்கு 100 முறை பதிவாகட்டும், வெப்பத்துக்குப் பத்து போதும்.

சோதனை ஓட்டம் கிருஷ்ணகிரி–ஓசூர் நெடுஞ்சாலையில் வேண்டவே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 189ஆம் பிரிவு இருக்கிறது, லாரிகளும் இருக்கின்றன.

ஓடி முடித்ததும் முன், பின் சக்கரங்களின் வேகக் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். முன்கோடு பின்கோட்டைவிடக் கொஞ்சம் மேலே இருப்பது நல்லது, கிரிப்புக்கு அது தேவை. எகிறிப் போனால் கிளம்பும் ஆர்பிஎம்மைக் குறையுங்கள், அல்லது டயர் காற்றை. இரண்டையும் ஒரே ஓட்டத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஃபைல் பெயரிலேயே அன்றைய வெப்பம், டயர் காற்று எழுதி உடனே லேப்டாப்பில் இறக்குங்கள். மெமரி நிறைந்ததும் பழையதன்மேல் எழுதிவிடுகிற லாகர்களும் உண்டு.