ஆலைக் கூரையில் எத்தனை கிலோவாட்?

கேள்வி: திருவண்ணாமலையிலிருந்து போளூர் போகும் வழியில் எங்களுக்கு ஒரு புழுங்கல் அரிசி ஆலை இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட மின்பளு 85 கிலோவாட். ஓட்டம் உள்ள மாதங்களில் 9,000 யூனிட் ஆகிறது. நெல் வரத்து குறையும் நான்கு மாதங்களில் 2,500 யூனிட்தான். டவுனில், கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜும் நடத்துகிறோம். சோலார் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து, "கூரை முழுக்க 100 கிலோவாட் போடலாம், மத்திய அரசு மானியம் உண்டு, கரன்ட் பில் பூஜ்யமாகிவிடும், மூன்றே வருடத்தில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும்" என்கிறார். தம்பியோ, சோலாரே ஏமாற்று வேலை, பக்கத்தில் போகாதே என்கிறான். பேங்கில் கடன் வாங்கித்தான் போட வேண்டும். என்ன செய்வது என்று சொல்லுங்கள் ஐயா.

— அரிசி ஆலை உரிமையாளர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: சோலார் ஏமாற்று வேலை இல்லை, தம்பியிடம் சொல்லுங்கள். உங்கள் ஆலைக்கு அது நல்ல முதலீடு. ஆனால் கம்பெனிக்காரர் சொன்ன நான்கு விஷயங்களில் ஒன்றுகூட உங்களுக்குப் பொருந்தாது.

முதலில் மானியம். அவர் சொல்வது 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம். மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் போடுகிறவர்களுக்கு 78,000 ரூபாய் தருகிறார்கள். அது குடியிருக்கும் வீடுகளுக்கு மட்டும்தான். ஆலைக்கும் கிடையாது, லாட்ஜுக்கும் கிடையாது. மானியத்தைக் கழித்துக்கொண்டு விலை சொல்லியிருந்தால், அந்தத் தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது 100 கிலோவாட். தமிழ்நாட்டில் ஓர் இணைப்பில் போடும் சோலார், அந்த இணைப்பின் அனுமதிக்கப்பட்ட மின்பளுவைத் தாண்டக் கூடாது. உங்களுடையது 85. நூறு போட வேண்டுமானால் மின்பளுவை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் மாதாமாதம் கட்டும் நிலைக்கட்டணமும் கூடவே ஏறும். சூரியன் எவ்வளவு காய்ந்தாலும் நிலைக்கட்டணம் குறையாது. பில் பூஜ்யமாகாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், உங்கள் பணம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

வீட்டுக்கு சோலார் போட்டவர், பகலில் இ.பி. லைனுக்கு அனுப்பிய யூனிட்டை இரவில் யூனிட்டுக்கு யூனிட் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதுதான் நெட் மீட்டர். கொச்சி விமான நிலையம் 2015 ஆகஸ்டில் முழுக்க சோலாரில் ஓடத் தொடங்கியதாகச் செய்தி வந்ததே, அதுவும் இந்த ஏற்பாட்டில்தான். பகலில் மிஞ்சுவதை கேரள மின்வாரியத்துக்குக் கொடுத்து, இரவில் வாங்கிக்கொள்கிறார்கள். கம்பெனிக்காரர்கள் எல்லோரும் கொச்சியைக் காட்டுவார்கள். தமிழ்நாட்டில் தொழில் இணைப்புகளுக்கு அந்த வசதி இல்லை. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2021 அக்டோபர் ஆணைப்படி, வீடு அல்லாத தாழ்வழுத்த இணைப்புகளுக்கு வேறு முறை. சோலார் கரன்ட்டை அந்த நேரத்திலேயே நீங்கள் பயன்படுத்திக்கொண்டால், அந்த யூனிட்டை இ.பி.யிடம் வாங்காமல் தப்பிக்கிறீர்கள். லாபம் ஏறத்தாழ எட்டு ரூபாய். பயன்படுத்தாமல் லைனில் விட்டால், அதற்கு மூன்று ரூபாய் சொச்சம்தான் வரவு வைப்பார்கள்.

ஆகவே கூரை எவ்வளவு அகலம் என்று பார்ப்பதில் பயன் இல்லை. ஆலையில் காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை உண்மையில் எவ்வளவு ஓடுகிறது என்பதுதான் கேள்வி.

நம் பக்கத்தில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரி நான்கு யூனிட் தரும்; வருடத்துக்கு 1,450 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஆலை வருடத்துக்கு மொத்தம் 82,000 யூனிட் எடுக்கிறது. எலிவேட்டரும் பாலிஷரும் இரவு எட்டு ஒன்பது வரை ஓடும் ஆலையில், வெயில் நேரத்துப் பங்கு அறுபது சதவிகிதம் இருக்கலாம். 40 கிலோவாட் போட்டால் 58,000 யூனிட் வரும். ஓட்டமில்லாத மாதங்களையும் விடுமுறை நாட்களையும் கழித்தால், அதில் 38,000 யூனிட் ஆலைக்குள்ளேயே செலவாகும் என்பது என் மதிப்பீடு. அதில் மிச்சம் 3 லட்சத்து 4 ஆயிரம். லைனில் போகும் 20,000 யூனிட்டுக்கு மூன்று ரூபாய் வீதம் 60 ஆயிரம். ஆக வருடத்துக்கு 3 லட்சத்து 64 ஆயிரம். கிலோவாட்டுக்கு ஐம்பதாயிரம் என்று வைத்தால் முதலீடு 20 லட்சம். ஐந்தரை வருடத்தில் போட்டது திரும்பும். பேனலோ 25 வருடம் உழைக்கிற சாமான்.

அதே இடத்தில் 100 கிலோவாட் போட்டால்? 1,45,000 யூனிட் வரும். ஆனால் ஆலை பகலில் எடுத்துக்கொள்வது 47,000க்கு மேல் போகாது, ஏனென்றால் ஆலை அதே ஆலைதான். மீதி 98,000 யூனிட்டும் மூன்று ரூபாய்க்குப் போகும். மொத்த வரவு 6 லட்சத்து 70 ஆயிரம். பெரிய அளவுக்கு விலை சற்றுக் குறையும் என்று வைத்தால் முதலீடு 48 லட்சம். கூடுதலாகப் போட்ட 28 லட்சம் கொண்டுவருவது வருடத்துக்கு 3 லட்சத்துச் சொச்சம். பேங்க் வட்டி பத்து சதவிகிதம் என்றால் முதல் வருட வட்டியே 2 லட்சத்து 80 ஆயிரம். அந்த அறுபது கிலோவாட்டும் பேங்குக்காக உழைக்கும், உங்களுக்காக அல்ல.

சோலார் போட்டவர்களிடம் இ.பி. வாங்கும் நெட்வொர்க் கட்டணத்தை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் அது விழும். சொந்த உபயோகம், ஏற்றுமதி என்ற பேதம் இல்லை. தொழில் அமைப்புகள் போராடிய பிறகு 2023-ல் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கு அதைப் பாதியாகக் குறைப்பதாக அரசு அறிவித்தது. உங்கள் இணைப்புக்கு இன்று என்ன விகிதம் என்பதைச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். யூனிட்டுக்கு முக்கால் ரூபாய் என்று வைத்தால்கூட, 40 கிலோவாட்டுக்கு வருடம் 43,500 ரூபாய். 100 கிலோவாட்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும்.

வருமான வரியில் ஒரு நல்ல செய்தி. சோலாருக்கு 40 சதவிகிதம் தேய்மானம் காட்டலாம். 20 லட்சத்துக்கு முதல் வருடமே 8 லட்சம் கழிவு; முப்பது சதவிகித வரி கட்டும் கூட்டு நிறுவனமாக இருந்தால் 2 லட்சத்து 40 ஆயிரம் மிச்சம். அந்த நிதியாண்டில் 180 நாளாவது பேனல் ஓடியிருக்க வேண்டும், இல்லையென்றால் முதல் வருடம் பாதிதான். ஆகவே செப்டம்பருக்குள் இணைப்பு கிடைக்கும்படி வேலையைத் தொடங்குங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் கூரை வேலை முடிவதும் நல்லது. கணக்கு எழுதாமல் உத்தேச வருமானம் காட்டி வரி கட்டுகிறவர்களுக்கு இந்தக் கழிவு தனியாகக் கிடைக்காது.

ஜி.எஸ்.டி.யிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாமான்களுக்கு வரி 12-லிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. அதற்கு முன் எழுதிய விலைப்பட்டியலை ஏற்காதீர்கள். "கட்டின வரியெல்லாம் திரும்ப வந்துவிடும்" என்று சொல்வார்கள். லேபிள் ஒட்டாத அரிசியை, அல்லது 25 கிலோவுக்கு மேற்பட்ட சிப்பத்தை விற்றால் அந்த விற்பனைக்கு வரியே இல்லை. வரியில்லாத விற்பனைக்கு உள்ளீட்டு வரவும் இல்லை. உங்கள் ஆடிட்டரிடம் கேட்காமல் அந்தத் தொகையைக் கணக்கில் கழிக்காதீர்கள்.

இனி கூரை. ஆரணி, களம்பூர், போளூர் பக்கத்துப் பழைய ஆலைகள் பலவற்றில் இன்னும் சிமென்ட் ஷீட்தான். அதன்மேல் பேனல் ஏற்றக் கூடாது. ஆள் ஏறினாலே உடையும். இரும்புத் தகடாக மாற்றிய பகுதியில் மட்டும் போடுங்கள். அதற்கும் முன்னால் கட்டுமானப் பொறியாளர் ஒருவர் டிரஸ்ஸைப் பார்த்து எடையும் காற்றும் தாங்கும் என்று கையெழுத்திட்டுத் தரட்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெங்கல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்து, நம் மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு உயிர்களைக் கொண்டுபோனதை நாம் பார்த்தோம். கடற்கரையிலிருந்து தள்ளியிருக்கிறோம் என்று அலட்சியமாக இருக்க முடியாது. நெல் காயவைக்கும் களத்தின்மேல் நிழல் விழும்படி எதையும் எழுப்பாதீர்கள்.

அரிசி ஆலைக்கென்றே ஒரு தொல்லை, உமிச் சாம்பல். பாய்லர் புகைபோக்கியிலிருந்து காற்றடிக்கும் பக்கம் பேனல் இருந்தால் சாம்பலும் தவிட்டுத் தூசியும் சேர்ந்து படிந்துவிடும், உற்பத்தி கண்ணுக்குத் தெரியாமல் இறங்கும். ஓட்டமுள்ள மாதங்களில் வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். விடியற்காலையில் கழுவுங்கள், உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடிமேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் வெள்ளைப் படலம் நிற்கும், மென்னீர் எந்திரத்துத் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். ஏணி, நடைபாதை, தண்ணீர் குழாய் இவையெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

கம்பெனிக்காரர் வாயே திறக்காத விஷயம் பவர் ஃபாக்டர். சோலார் வந்ததும் மோட்டாருக்கு வேண்டிய கிலோவாட்டைப் பேனல் கொடுக்கும்; காந்தப்புலத்துக்கு வேண்டிய மின்சாரத்தை மட்டும் இ.பி.யிடம் எடுப்பீர்கள். மீட்டரில் பவர் ஃபாக்டர் சரியும், மிச்சப்படுத்தியதில் ஒரு பங்கு அபராதமாகத் திரும்பிப் போகும். கெபாசிட்டர் பேனலைத் தானியங்கியாக மாற்றுவதையும் இன்வெர்ட்டரை அதற்கேற்ப அமைப்பதையும் கம்பெனியின் பொறுப்பாக எழுதி வாங்குங்கள். இன்னொன்று: கரன்ட் போனால் இந்த சோலாரும் நின்றுவிடும், லைனில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. ஜெனரேட்டரோடு சேர்த்து ஓட்ட வேண்டுமானால் தனிக் கட்டுப்பாட்டுக் கருவி தேவை. மதியம் பம்புசெட்டுகள் நிற்கும் நேரத்தில் உங்கள் லைனில் வோல்டேஜ் எகிறுகிறதா என்றும் ஒரு வாரம் குறித்துவையுங்கள். அளவு மீறினால் இன்வெர்ட்டர் தானாகவே விலகிக்கொள்ளும், வெயில் வீணாகும்.

லாட்ஜ் வேறு கதை. பௌர்ணமிக்கு அறைகள் நிரம்பினாலும் ஏ.சி. ஓடுவது இரவில். வணிக இணைப்பின் யூனிட் விலை பத்து ரூபாயைத் தாண்டியிருப்பதால் சோலார் லாபம்தான், ஆனால் சிறிதாகப் போடுங்கள்: தண்ணீர் மோட்டார், லிஃப்ட், சமையற்கூட ஃபிரிட்ஜ் ஆகியவற்றின் பகல் தேவைக்கு ஐந்தோ ஏழோ கிலோவாட். மோட்டாரை மதியம் ஓட்டப் பழக்குங்கள். கோயில் மலைக்குக் கிழக்கே இருப்பதால், மலையை ஒட்டிய தெருக்களில் சூரியன் சீக்கிரமே மறைகிறது; அந்த நிழல் எத்தனை மணிக்கு உங்கள் மாடியில் விழுகிறது என்று பாருங்கள். குரங்குகளுக்கு எட்டாதபடி வயர்களைக் குழாய்க்குள் விடச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், வெந்நீர். விடியலில் கிரிவலம் முடித்து வருகிற பக்தர் கேட்பது ஒரு வாளி வெந்நீர்தான். கீசர்களை நிறுத்திவிட்டு சோலார் வாட்டர் ஹீட்டர் போடுவதுதான் லாட்ஜின் முதல் வேலை. உப்புத் தண்ணீருக்குக் கண்ணாடிக் குழாய் வகை தாங்கும், செம்புக் குழாயில் அடைப்பு வரும்.

ஆக, ஆலைக்கு 40 கிலோவாட், நல்ல கூரையில், வாங்கிய கடனை ஆறேழு வருடத்தில் அடைக்கும் திட்டத்தோடு போடுங்கள். பன்னிரண்டு மாத பில்லையும், ஓட்டமுள்ள ஒரு வாரம், இல்லாத ஒரு வாரம் என மணிக்கு மணி மீட்டர் குறிப்பையும் எடுத்துக்கொண்டு குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள். அந்தக் குறிப்பைப் பார்க்காமல் கிலோவாட் சொல்கிற எவரிடமும் முன்பணம் கொடுக்காதீர்கள்.