42ஆம் எண் சட்டை

நுழையும்முன்

ஆடுகளத்தின் எல்லைக்கோடுகள் எல்லார் கண்ணுக்கும் தெரியும். நிறத்தின் பெயரால் மனிதர் வகுத்த கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவில் அத்தகைய கோடு ஒன்று அழியத் தொடங்கிய நாளின் ஆட்டத்தை இப்பாடம் விவரிக்கிறது.

எழுதப்படாத விதி

பேஸ்பால் எனப்படும் அடிபந்தாட்டம் அமெரிக்க மக்களின் பெருவிருப்பத்திற்குரிய விளையாட்டு. அணிக்கு ஒன்பது பேர். ஆட்டத்திற்கு ஒன்பது சுற்றுகள். பந்தை அடித்தவர், சாய்சதுர வடிவில் அமைந்த தளங்களைச் சுற்றிவந்து தொடங்கிய இடத்தை அடைந்தால் ஓர் ஓட்டம் கிடைக்கும்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அந்நாட்டின் முதன்மைத் தொழில்முறை அணிகளில் கறுப்பினத்தவர் சேர்க்கப்படவில்லை. அவர்களைத் தடுக்கும் சட்டம் எதுவுமில்லை. அணி உரிமையாளர்களிடையே நிலவிய எழுதப்படாத உடன்பாடே தடையாக நின்றது. ஆற்றல்மிக்க கறுப்பின ஆட்டக்காரர்கள் தமக்கான தனி அணிகளிலேயே ஆடிவந்தனர்.

அடக்கம் என்னும் ஆற்றல்

1945ஆம் ஆண்டு, புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி இத்தடையைத் தகர்க்க முன்வந்தார். அவர் தேர்ந்தெடுத்தவர் ஜாக்கி ராபின்சன். 1919ஆம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்த ராபின்சன், பல்கலைக்கழகத்தில் நான்கு விளையாட்டுகளில் சிறந்து விளங்கியவர். படையில் பணியாற்றியபோது, பேருந்தின் பின்பகுதிக்குச் செல்ல மறுத்ததால் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுக் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டவர்.

அநீதிக்குப் பணியாத அவரிடம் ரிக்கி கடினமான ஒன்றை வேண்டினார்: எவர் இழிவுபடுத்தினாலும் திருப்பித் தாக்கக்கூடாது. ராபின்சன் ஒருமுறை சினந்து கைநீட்டினாலும், அதையே காரணங்காட்டி அவர் இனத்தார் அனைவருக்கும் கதவு அடைக்கப்படும் என அவர் அஞ்சினார். ராபின்சன் உடன்பட்டார்.

1947 ஏப்ரல் 15

புரூக்ளினின் எப்பெட்ஸ் ஃபீல்டு அரங்கில் பாஸ்டன் பிரேவ்ஸ் அணியுடன் ஆட்டம். சற்றொப்ப 26,000 பேர் திரண்டிருந்தனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர் என மதிப்பிடப்படுகிறது. 42 எனப் பொறித்த சட்டையுடன் ராபின்சன் முதல் தளக் காவலராகக் களமிறங்கினார்.

தொடக்கத்தில் ஜானி செயினின் பந்துவீச்சை எதிர்கொண்ட மூன்று முறையும் அவருக்கு வெற்றி கிட்டவில்லை. ஏழாம் சுற்றில் டாட்ஜர்ஸ் 2–3 எனப் பின்தங்கியிருந்தது. முதல் தளத்தில் எடி ஸ்டான்கி நின்றார். தாம் ஆட்டமிழந்தாலும் தோழர் முன்னேறட்டும் என்று ராபின்சன் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடினார். எதிரணியினர் விரைந்து எறிந்த பந்து அவர்மேல் பட்டு விலகியது. ஸ்டான்கி மூன்றாம் தளத்தையும் ராபின்சன் இரண்டாம் தளத்தையும் அடைந்தனர். அடுத்து வந்த பீட் ரைசர் ஓங்கி அடிக்க, இருவரும் ஓட்டம் எடுத்தனர். அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்த ஓட்டம் ராபின்சனுடையது. டாட்ஜர்ஸ் 5–3 என வென்றது.

ஆட்டத்திற்குப் பின்

ஒரு வாரத்திற்குள் பிலடெல்பியா அணியினர் களத்திலேயே அவரை இழிசொற்களால் வதைத்தனர். ராபின்சன் வாய்திறக்கவில்லை. அவருக்காகக் குரல் கொடுத்தவர் வெள்ளையினத்தவரான அதே ஸ்டான்கி. ஒருவரின் பொறுமை, உடனிருந்தோரின் மனச்சான்றையும் விழிக்கச் செய்தது.

அவ்வாண்டின் சிறந்த புதுமுக ஆட்டக்காரர் விருதும், 1949இல் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதும் ராபின்சனை வந்தடைந்தன. அவர் என்றென்றும் மௌனம் காத்தவர் அல்லர். தமக்குப்பின் வருவோருக்கு வழி உறுதிப்பட்டபின் உரிமைக்காக உரக்கப் பேசினார். 1963ஆம் ஆண்டு வாஷிங்டன் பேரணியிலும் பங்கேற்றார். அடங்கியிருத்தல் வேறு, அடிமைப்பட்டிருத்தல் வேறு என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

தெரியுமா?

1997ஆம் ஆண்டு, முதன்மை அணிகள் அனைத்திலும் 42ஆம் எண் புதிய ஆட்டக்காரர் எவருக்கும் வழங்கப்படாது என அறிவிக்கப்பட்டது. ஆயினும், ஏப்ரல் 15 அன்று ஆட்டக்காரர் அனைவரும் அவ்வெண் பொறித்த சட்டையையே அணிகின்றனர்.

கற்பவை கற்றபின்

1. ‘எழுதப்பட்ட சட்டத்தைவிட எழுதப்படாத விதியை மாற்றுவது கடினம்’ – இக்கருத்து குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.
2. இழிவுபடுத்தப்படும்போது அமைதி காப்பது எப்போது வலிமை, எப்போது வலுவின்மை? உம் கருத்தை ஒரு பக்க அளவில் எழுதுக.